பத்தாவது கொட்டாங்கச்சி

2023ஆம் ஆண்டு மே மாதம் பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, அமாவாசை. காலை ஒன்பது மணி இருபது நிமிடம். நேரம் இத்தனை துல்லியமாக நிலைத்துவிட்டதற்கு ஸ்கூட்டரிலிருந்து இறங்கிய அந்தப் பெண்ணே காரணம். வணக்கம் சொல்வதற்கு முன்பே அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணாந்து சூரியனைப் பார்த்தாள். இரண்டையும் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவளுக்காகப் புது வீட்டு வாசலில் இருபது நிமிடம் வெயிலில் காத்திருந்த லோகநாதனுக்கு அது அறவே பிடிக்கவில்லை.

“முதல்ல ஆளைப் பாரும்மா. சூரியன் எங்கயும் ஓடிப் போவாது.”

“ஓடுதுங்கண்ணா. அது ஓடறதாலதான் எனக்குப் பொழப்பே நடக்குது,” என்றாள் எழிலரசி.

லோகநாதனுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. முள்ளிப்பட்டில் பட்டுப்புடவை நெய்பவர். இருபத்தாறு ஆண்டுகளில் ஏழு வாடகை வீடுகள் மாறியவர். ஒவ்வொரு வீட்டிலும் குழி தோண்டித் தறியை இறக்குவார். காலி செய்யும்போது அந்தக் குழியை மண் போட்டு மூடி, சாணம் மெழுகி ஒப்படைப்பார். எட்டாவது குழியையாவது சொந்த மண்ணில் தோண்ட வேண்டும் என்று ஊரின் வடகோடியில் மூன்று சென்ட் நிலம் வாங்கி, இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் எழுப்பிவிட்டார். சமையற்கட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்பே தறிக்குழி தோண்டிய மனிதர் என்று மனைவி பரிமளா அவரை இன்றுவரை குத்திக்காட்டுவாள்.

வீடு வந்தது, மின்சாரம் வரவில்லை. கம்பம் நட வேண்டிய வயல், அண்ணன் தம்பி இருவரின் பாகப்பிரிவினை வழக்கில் சிக்கிக் கிடந்தது. தீர்ப்பு வரும்வரை அங்கே ஒரு குச்சிகூட ஊன்ற முடியாது. இதற்கிடையில் வாடகை வீட்டுக்காரர் ஆவணிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். நெடுக்கு நூலான பாவும் பட்டும் கொடுத்து நெய்யச் சொல்லும் ஆரணி முதலாளி பாலமுருகனோ இன்னொரு கெடு வைத்திருந்தார்.

“கார்த்திகை இருபதாம் தேதி கல்யாணப் புடவை என் கைல இருக்கணும் லோகநாதா. வெளிச்சம் இல்லாத வூட்டுக்குப் பாவு குடுத்தா, அரக்கு எது மெரூன் எதுன்னு தெரியாம நெய்வே. அப்புறம் பொண்ணு வூட்டுக்காரங்க என்னைத்தான் நெய்வாங்க.”

ஆக, புது வீட்டில் விளக்கெரிந்து தறி ஓட வேண்டும். ஓடாவிட்டால் பாவு வேறு வீட்டுக்குப் போகும். லோகநாதன் எட்டாவது குழியையும் தன் கையாலேயே மூடிவிட்டு மறுபடி வாடகை வீடு தேட வேண்டும். அதற்குத்தான், நெசவாளர் வேலை நிறுத்தி ஓய்வெடுக்கும் அமாவாசை நாளாகப் பார்த்து, இந்த எழிலரசியை வரச்சொல்லியிருந்தார்.

எழிலரசி பெரணமல்லூர்ப் பக்கத்துப் பெண். எல்லப்பன், சின்னம்மா என்ற கூலி விவசாயிகளின் மகள். பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்து, வெளியூரில் இன்வெர்ட்டர் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஆரணி பேருந்து நிலையத்துக்கு அருகே பத்தடிக்கு எட்டடி அளவில் ஒரு கடை வைத்திருந்தாள். ‘எழில் சோலார் – வீட்டுக்கு அளவெடுத்துத் தரப்படும்’ என்பது பலகை. பட்டுப்புடவை ஊரில் ‘அளவெடுத்து’ என்று எழுதி வைத்தால் என்ன ஆகும்? வாரம் ஒரு பெண்மணியாவது ரவிக்கைத் துணியோடு படியேறினாள். எழிலரசி பலகையை மாற்றவில்லை. வந்தவர்களுக்குத் தையற்கடைக்கு வழி காட்டிவிட்டு, அப்படியே அவர்கள் வீட்டுக் கூரை எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்வாள்.

“வேற ஒரு கடைல கேட்டேன்மா. அஞ்சு கிலோவாட்டு போட்டுடு, கண்ணை மூடிகினு இருக்கலாம்னு சொன்னாங்க,” என்று லோகநாதன் பேச்சைத் தொடங்கினார்.

“வித்தவரு கண்ணை மூடிகினு தூங்கலாம்ண்ணா, அது நெசம்தான். நீங்க எதை எவ்ளோ நேரம் ஓட்டுவீங்க? அதைச் சொல்லுங்க.”

“இன்னா பெருசா ஓட்டப்போறோம்? தறிக்கு ரெண்டு டியூப்லைட்டு. வூட்டுக்கு மூணு பல்பு. ரெண்டு ஃபேன், மிக்சி, கிரைண்டர், தண்ணி மோட்டாரு, செல்போன் சார்ஜரு. டி.வி. எப்பவாச்சும் நியூஸ் பாக்கறதுக்கு.”

எழுதிக்கொண்டே எழிலரசி நிமிர்ந்தாள். லோகநாதனைப் பார்க்காமல், பின்னால் புது ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த பரிமளாவைப் பார்த்தாள்.

“அக்கா, தறிக்குத் தார் யாரு சுத்தறாங்க?”

குறுக்கு நூலான ஊடையைச் சிறு குழலில் சுற்றித் தருவதற்குத் தார் சுற்றுதல் என்று பெயர். அந்தக் குழல், தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போனால்தான் நெசவே நடக்கும்.

“நாந்தான். மோட்டாரு வச்ச ராட்டை.”

“அதை அண்ணன் பட்டியல்ல காணமே.”

“அது அவ வேலைம்மா,” என்றார் லோகநாதன்.

“அவங்க வேலை காத்துலயா சுத்துது?”

பரிமளா துடைக்கும் துணியை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். எழிலரசி நோட்டின் அந்தப் பக்கத்தை முழுவதுமாகக் குறுக்கே அடித்தாள்.

“வாயால சொல்ற கணக்கு எனக்கு வேணாம்ண்ணா. பொய்யின்னு சொல்லல. மனுசனுக்குத் தான் செய்யறது தனக்கே தெரியாது. வூட்ல கொட்டாங்கச்சி இருக்குதா?”

அவள் தொழிலுக்கும் கேட்ட பொருளுக்கும் உள்ள தொடர்பு விளங்காமல் லோகநாதன் விழித்தார். அன்று மாலையே வாடகை வீட்டின் அலமாரியில் ஒன்பது கொட்டாங்கச்சிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு காகிதம்: தறி விளக்கு, வீட்டு விளக்கு, ஃபேன், டி.வி., மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், செல்போன், தார் மோட்டார். பக்கத்தில் ஒரு சொம்பு நிறையப் புளியங்கொட்டை. ஒரு கருவி அரைமணி நேரம் ஓடினால் அதன் கொட்டாங்கச்சியில் ஒரு கொட்டை. ஏழு நாளும் அப்படியே செய்ய வேண்டும். படித்தவர், படிக்காதவர், கண் மங்கியவர் யாராக இருந்தாலும் கொட்டையைப் போட முடியும் என்பதே அந்த முறையின் சிறப்பு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எழிலரசி கூரையில் போடுவதற்கு முன் அளந்தாள்.

எட்டாம் நாள் அவள் வந்து தரையில் அமர்ந்து எண்ணினாள். எண்ணி முடித்து, மிக்சிக் கொட்டாங்கச்சியை மட்டும் கையில் ஏந்திக்கொண்டாள்.

“அண்ணா, உங்க குடும்பத்துல எத்தினி பேரு?”

“நானு, பரிமளா, எங்க பொண்ணு லீலா. மூணு பேரு.”

“இதுல எண்பத்துநாலு கொட்டை கீது. அப்படின்னா மூணு பேரும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் சட்னி அரைக்கிறீங்க.”

லீலா உள்ளறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தாள். பரிமளா ஓடவில்லை, நின்ற இடத்திலேயே சிரித்தாள்.

“டி.வி. கொட்டாங்கச்சில கொட்டை ரொம்பிச்சுன்னு அவருக்கு வெக்கம். ராத்திரி எழுந்து அள்ளி மிக்சில போட்டுகினு இருந்தாரு. நானும் பாத்துகினே இருந்தேன், இன்னாதான் பண்றாருன்னு.”

“பாட்டு இல்லாம கால் மிதிக்க மாட்டேங்குதும்மா,” என்று லோகநாதன் முனகினார். “படமெல்லாம் பாக்கறதில்ல. நெய்யும்போது எங்க நிமிர்ந்து பாக்கறது? சத்தம் கேக்கணும், அவ்ளோதான்.”

“பாட்டுக்குப் படம் எதுக்குண்ணா? டி.வி. அறுபது வாட்டு. ஒரு சின்ன ரேடியோப் பெட்டி அஞ்சு வாட்டு. பாட்டு ரெண்டுலயும் ஒண்ணுதான்.”

அவளுடைய வேலை முறை முழுவதும் அந்த ஒரு பேச்சில் அடங்கியிருந்தது. கூரையைப் பெரிதாக்குவதற்கு முன் செலவைச் சிறிதாக்குவாள். பழைய ஃபேன்களை மாற்றி, முப்பது வாட்டில் ஓடும் புதிய ஃபேன்களைப் போடச் சொன்னாள். கிரைண்டரையும் தண்ணீர் மோட்டாரையும் உச்சி வெயிலில் மட்டுமே ஓட்டச் சொன்னாள். ஏழு நாள் கொட்டைகளை மணிக்கணக்காக்கி, வாட்டால் பெருக்கி ஏழால் வகுத்தபோது ஒரு நாளுக்கு இரண்டாயிரத்து எழுநூறு வாட்-மணி வந்தது. வெட்டியும் ஒட்டியும் அதை ஆயிரத்து எண்ணூறுக்கு இறக்கினாள்.

“நகைக்குச் சேதாரம் போடறாங்க இல்ல? அதுமாதிரி இதுக்கும் சேதாரம் உண்டு. கம்பில கொஞ்சம், பேட்டரில கொஞ்சம், இன்வெர்ட்டர்ல கொஞ்சம் போவும். ஆயிரத்து எண்ணூறு எடுக்கணும்னா, ரெண்டாயிரத்து அறுநூறு உள்ள வரணும்.”

“பன்னெண்டு மணி நேரம் வெயில் அடிக்குதே!”

“முழு நோட்டுன்னு எண்ணினா நாலு மணி நேரம்தான்ண்ணா. காலை வெயிலும் சாயங்கால வெயிலும் சில்லறை.”

இரண்டாயிரத்து அறுநூறை நாலால் வகுத்து, முந்நூற்று முப்பத்தைந்து வாட் பேனல் இரண்டு போதும் என்றாள். வெயிலே தலைகாட்டாத இரண்டு நாட்களைத் தாங்கும் அளவுக்கு நான்கு பேட்டரிகள். அவற்றிலும் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. மறுபாதி குதிரில் கிடக்கும் விதைநெல், அதில் கைவைத்தால் அடுத்த போகம் இல்லை என்றாள். ஐந்து கிலோவாட் பேச்சைக் கேட்டிருந்த லோகநாதனுக்கு இது கோழிக்கூண்டுக்குப் போடும் கூரைபோலத் தோன்றியது.

“ரெண்டே ரெண்டு பலகை. இதுல என் தறி ஓடுமா? ஒரு நாளாவது வௌக்கு அணைஞ்சுதுன்னா?”

“அணையாது.”

“பந்தயம்?”

“பந்தயமெல்லாம் எதுக்குண்ணா?”

“அட, வையும்மா! உன் கணக்கு தப்பா இருந்தா நீ வந்து எங்க வூட்ல ஒரு நாள் தறி வேலை பாக்கணும். எங்க கொட்டை தப்புன்னா நான் உன் கடைக்கு வந்து ஒரு நாள் வேலை செய்யறேன். நாளுக்கு நாள்.”

எழிலரசியின் பேனா நின்றது. அதுவரை வாய்க்கு வாய் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் அந்த ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் தாமதித்தாள்.

“நான் தோத்தா நான் வரேன்,” என்றாள். அடுத்த பாதியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை லோகநாதன் அன்று கவனிக்கவும் இல்லை.

ஆவணியில் புதுமனை புகுந்தார்கள். தெற்கு பார்த்த சரிவில் இரண்டு பேனல்களும் வாளைமீன்போல மின்னின. எட்டாவது குழியில் தறி இறங்கியது. பாலமுருகன் ஒரு முறை வந்து டியூப்லைட்டின் கீழே அரக்கு நூலையும் மெரூன் நூலையும் பிடித்துப் பார்த்துவிட்டு, மூன்று புடவைக்கான பாவைக் கொடுத்தார். மூன்றாவது புடவைதான் கல்யாணப் பெண்ணுக்கு. ரேடியோப் பெட்டியிலிருந்து பாட்டு வந்தது, கால் மிதித்தது. புரட்டாசி சிரமமின்றிக் கழிந்தது. அவ்வாண்டு ஐப்பசி மழையும் பேருக்குத் தூறிவிட்டுப் போனது. “கோழிக்கூண்டுக் கரண்டு நல்லாத்தான் கீது,” என்று லோகநாதன் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கார்த்திகை பன்னிரண்டாம் தேதி விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது புடவையில் உடல் முடிந்து முந்தி தொடங்க வேண்டிய கட்டம். லோகநாதன் மழைக்காலத்தில் தறிக்குச் செய்ய வேண்டியதை வழக்கம்போலச் செய்துவிட்டு நெய்ய உட்கார்ந்தார். மாலை ஆறரைக்கு இன்வெர்ட்டர் விட்டுவிட்டுக் கூவியது. ஏழு மணிக்கு ஒரு நீண்ட கூவல். அதன்பின் வீடே இருண்டது.

மெழுகுவத்தியைத் தேடுவதற்கு முன் அவர் செல்போனைத் தேடினார்.

“இன்னாம்மா உன் கணக்கு? வெயில் இல்லாம ரெண்டு நாள் தாங்கும்னே. ஒரே நாள் மழைக்குப் படுத்துக்கிச்சு! இன்னும் எட்டு நாள்தான் கீது. நாளைக்குப் பாலமுருகன் காதுக்குப் போச்சுன்னா பாவை அறுத்துகினு போயிடுவாரு. பேஜாராப் போச்சும்மா எனக்கு!”

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் எழிலரசி முழுக்க நனைந்து வந்து நின்றாள். ஸ்கூட்டரில் கருவிப்பை, பையோடு ஒரு மாற்றுப் புடவையும் இருந்தது.

“தோத்துட்டேன்னா ஒரு நாள் இங்கதானே இருக்கணும்? அதான் எடுத்துகினு வந்தேன்,” என்றாள். பரிமளா துண்டைக் கொடுத்தாள். எப்போதும் தன் தண்ணீர் பாட்டிலைத் தானே கொண்டுவரும் பெண்ணிடமிருந்து அந்தப் பாட்டிலைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு, சூடான காபியைத் தங்கள் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

பேனலில் குறையில்லை. பேட்டரிகளில் குறையில்லை, வெறுமையைத் தவிர. சிறிது வெளுத்த வானத்தில் இன்வெர்ட்டர் எட்டரைக்கு அரைக்கண் திறந்தது. எழிலரசி எல்லாச் சுவிட்சுகளையும் அணைக்கச் சொன்னாள். விளக்கு, ஃபேன், ரேடியோ, தார் மோட்டார் எல்லாம் அணைந்தன. ஆனால் இன்வெர்ட்டரின் திரை மட்டும் இருநூறு வாட் போகிறது, போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

“எல்லாத்தையும் நிறுத்திட்டீங்களா?”

“எல்லாத்தையும் நிறுத்தியாச்சும்மா.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனாள். சுவரோரம் போய், தறியின் காலடியில் இறங்கி, விரித்திருந்த பாவுக்கு அடியில் நுழைந்தது கம்பி. அவள் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். பாவு நெடுக, நூலுக்கு ஒரு முழம் கீழே, ஓட்டைத் தகர டப்பாக்களுக்குள் நூறு வாட் குண்டு பல்புகள் இரண்டு கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணா.”

“இன்னாம்மா?”

“இது இன்னாது?”

லோகநாதனும் குனிந்து பார்த்தார். உண்மையிலேயே அவர் முகத்தில் கள்ளம் இல்லை.

“அது லைட்டு இல்லம்மா. பாவுக்குக் குளிர் காயறது. மழைல பட்டுநூலு ஈரம் இழுக்கும், தொய்ஞ்சிடும், அடிக்கிற அடி சமமா வுழாது. அதனால அடைமழைன்னா காலைலேர்ந்து பொழுதுபோற வரைக்கும் கீழ பல்பு போடுவோம். எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்.”

“கொட்டாங்கச்சி வச்சப்போ இதைச் சொல்லலியே!”

“நீ லைட்டு கேட்டே. இதுல யாரு வெளிச்சம் பாக்கறாங்க? இது தறில சேந்தது. மிதிக்கட்டை மாதிரி.”

இருபத்தாறு ஆண்டுகள் ஏழு வாடகை வீடுகளில் எரிந்த பல்பு அது. வெளிச்சத்துக்கு எரியாத காரணத்தால் அதை எவரும் விளக்கென்று எண்ணவில்லை. வைகாசி மாத வாரத்தில் எடுத்த கணக்கில் கார்த்திகைப் பல்புக்குக் கொட்டை விழ வழியும் இல்லை. வெயில் இல்லாத நாளில் மட்டும் பிறந்து, வீட்டின் ஒரு நாள் செலவைவிடப் பெரிய செலவாக அது உட்கார்ந்திருந்தது. எழிலரசி தரையில் சப்பணமிட்டு அமர்ந்தாள். பிறகு, யாரும் எதிர்பாராத வகையில், வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஊர்ல இருக்கற அத்தினி வெயிலையும் பேட்டரில சேத்து வச்சு, கடைசில அதுல குளிர் காய்ஞ்சிருக்கீங்க! சூடு பண்றதுக்குப் பேட்டரிக் கரண்டு, பால் பாயசத்துல கை கழுவற மாதிரிண்ணா.”

“சிரிக்கறதை அப்புறம் சிரி. பல்பை எடுத்துட்டா பாவு தொய்ஞ்சிடும். புடவை போச்சுன்னா வூடும் போச்சு,” என்றார் லோகநாதன்.

எழிலரசி சிரிப்பை நிறுத்தினாள். நோட்டைத் திறந்தாள். மழை நாளிலும் பேனல் சும்மா கிடக்காது; வழக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு தரும். சேதாரம் போக முந்நூற்று எழுபது கிடைக்கும். ஒரே டியூப்லைட் பத்து மணி நேரம், இருநூறு. தார் மோட்டார் ஒன்றரை மணி நேரம், நூற்று முப்பத்தைந்து. ரேடியோ கூடாது, ஃபேன் கூடாது, செல்போன் சார்ஜ் அவள் கடையில். நெய்வதற்கு மட்டும் மின்சாரம் போதும். சூட்டுக்கு ஒரு வாட்கூட இல்லை.

“கரி அடுப்பு வைக்கலாமா?”

“புகை பட்டா பட்டு மங்கிடும்,” என்றார் லோகநாதன்.

வேர்க்கடலை வறுக்கும் வண்டியை நினைத்துக்கொண்டு பரிமளா சொன்னாள்: “மணலை வறுத்து வைக்கலாமே. மல்லாட்டை வறுக்கறவங்க மணல் எவ்ளோ நேரம் சூடா கீது! சட்டில மூடி வச்சா புகையும் இல்ல, கரியும் இல்ல.”

எழிலரசி அவளைப் பார்த்த பார்வையில், தான் படித்த பாலிடெக்னிக்குக்கே வணக்கம் சொல்வதுபோல ஒரு மரியாதை இருந்தது. உடனே, கூலி விவசாயத்தை விட்டு ஆரணியில் நெல் அரவை ஆலை ஒன்றில் வேலை செய்யும் தன் தந்தை எல்லப்பனுக்குப் பேசினாள். பத்தரைக்குள் ஆறு மூட்டை காய்ந்த உமி வந்தது. ஈரம் கக்கிக்கொண்டிருந்த குழியின் சுவரில் தார்ப்பாய் விரித்து, உமி மூட்டைகளை அணைவாக அடுக்கினார்கள். கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே விறகடுப்பு மூட்டி மணலை வறுத்து, நான்கு மண்சட்டிகளில் நிரப்பி, பாவுக்கு அடியில் வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சட்டி மாற வேண்டும். அன்று மதியம் வரை மணலை வறுத்தது எழிலரசி.

உச்சிவேளையில் லோகநாதன் பாவை விரலால் சுண்டிப் பார்த்தார். வீணைக் கம்பிபோல விறைத்து நின்றது.

“சரிம்மா. எங்க கொட்டைதான் தப்பு. ஒத்துக்கறேன். பந்தயத்துல நான் தோத்தேன்.”

“நான் வைகாசில எண்ணினேன். கார்த்திகைல இன்னா பண்ணுவீங்கன்னு கேக்கல. ஆளுக்குப் பாதித் தப்பு,” என்று கரிக்கையோடு எழுந்தாள் எழிலரசி. “என் பாதிக்கு அரை நாள் மணல் வறுத்துட்டேன். கணக்கு தீந்துது.”

“என் அரை நாளு?”

“சட்டி ஆறுதுண்ணா. மாத்துங்க.”

மழை ஆறு நாள் நின்று பெய்தது. வீட்டில் ஒற்றை டியூப்லைட் ஒரு நாளும் அணையவில்லை. ரேடியோ இல்லாத குறைக்கு லீலா அப்பாவுக்காகப் பாடினாள். “கரண்டு வந்தா போதும்டா சாமி,” என்று பரிமளா காதைப் பொத்திக்கொண்டாள். கார்த்திகை பத்தொன்பதாம் நாள் மாலை முந்தியின் கடைசிச் சரிகை இழை விழுந்தது. இருபதாம் நாள் பாலமுருகன் வந்து, புடவையை வாசல் வெளிச்சத்தில் விரித்து, உடலிலிருந்து முந்தி வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

“அடைமழைல நெய்ஞ்சது மாதிரியே இல்லியே. இன்னாய்யா பண்ணே?”

“மல்லாட்டை வறுத்தோம் முதலாளி.”

பாலமுருகனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தை முகூர்த்தத்துக்கான பாவை அன்றே இறக்கிவிட்டுப் போனார். எட்டாவது குழி மூடப்படவில்லை.

அம்மாதம் இருபத்தாறாம் நாள் அமாவாசை. லோகநாதன் துவைத்த சட்டை அணிந்து, சாப்பாடு கட்டிக்கொண்டு ஆரணிக்குப் போய், எழிலரசியின் கடைப்படி ஏறினார்.

“அரை நாள் வேலைக்கு வந்தேம்மா.”

“உக்காருங்கண்ணா, டீ குடிங்க,” என்றவள், டீ வருவதற்குள் ஒரு வாடிக்கையாளர் கூரையைப் பார்க்க ஸ்கூட்டரில் பறந்துவிட்டாள். கடையில் அவள் தாய் சின்னம்மா மட்டும் பேனல் ஒன்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இதையாவது நான் துடைக்கிறேன் என்று லோகநாதன் கை நீட்டினார். அவள் துணியைக் கொடுக்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. அவ உங்க கிட்ட வேலை வாங்க மாட்டா. இவ எட்டாவது படிக்கும்போது எங்க வூட்டுக்காரரு ஒருத்தர் கிட்ட ஒரு மூட்டை நெல்லு வாங்கினாரு. அதுக்கு இருவது நாள் வேலைன்னு பேச்சு. ஒரு நாள் மழைன்னு கழிச்சாங்க, ஒரு நாள் லேட்டா வந்தேன்னு கழிச்சாங்க. இவ தினம் செவுத்துல கரியால கோடு போட்டு எண்ணுவா. இருவது கோடு ஆனப்புறமும் அவரு போய்கினே இருந்தாரு. முப்பத்தாறாவது கோட்டுல செவுத்துல எடம் தீந்து போச்சு.”

லோகநாதன் டீயைக் குடித்து முடித்தார். கட்டி வந்த சாப்பாட்டைச் சின்னம்மாவோடு பகிர்ந்துண்டுவிட்டு ஊர் திரும்பினார்.

இப்போது எழிலரசி அளவெடுக்கப் போகும் வீடுகளில் பத்துக் கொட்டாங்கச்சிகள் வைக்கிறாள். பத்தாவதின் மேல் ‘மழைக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கும். அதில் யாரும் கொட்டை போட வேண்டியதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடைமழையில் இந்த வீட்டில் என்னென்ன செய்வீர்கள் என்று பெண்களிடம் ஒரு மணி நேரம் கேட்பாள். ஒரு வீட்டில் கோழிக்குஞ்சுக்குப் பல்பு எரிந்தது. இன்னொரு வீட்டில் காயாத பள்ளிச் சீருடைக்கு இஸ்திரிப்பெட்டி. முள்ளிப்பட்டுத் தறிகள் சிலவற்றுக்கு அடியில் மணல் சட்டியும் வந்துவிட்டது.

வயல் வழக்கு இன்னும் முடியவில்லை. லோகநாதன் பேரில் அந்த அரை நாளும் அப்படியே நிற்கிறது. அமாவாசைதோறும் ஆரணிக்குப் போனால் கடை வாசலில் நின்று, “இன்னைக்காச்சும் வேலை கீதாம்மா?” என்று கேட்காமல் வர மாட்டார். வெயில் நாளானால் எழிலரசி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “மழை வரட்டும்ண்ணா” என்பாள். மழை நாளானால், “வெயில் வரட்டும்ண்ணா” என்பாள்.